உள்வளர் நகம்

கால் நகத்தின் ஓரம் பக்கத்துச் சதைக்குள் இறங்கி, வலியும் வீக்கமும் சீழும் உண்டாக்கும் கோளாறு. பெரும்பாலும் கட்டைவிரலில் வரும். நகத்தை ஒட்ட வெட்டி மூலையை வளைத்துவிடுவதே முதற்காரணம். விரலை நெருக்கும் காலணி, இடறிப் பட்ட அடி, ஓயாத வியர்வை ஈரம் ஆகியவையும் சேரும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமென்ட் ஆலைகளிலும் கனத்த பாதுகாப்புக் காலணியில் நாள் முழுதும் நிற்போரும், பெரம்பலூரின் மக்காச்சோள, பருத்திக் காடுகளில் வெறுங்காலோடு உழைத்து இடறி அடிபடுவோரும் இதற்கு ஆளாகலாம்.

சிகிச்சை, நோயின் நிலையைப் பொறுத்தது. 1937இல் மருத்துவர் ஹைஃபெட்ஸ் வகுத்த மூன்று நிலைகளே இன்றும் அடிப்படை. முதல் நிலையில் நகக்கண் சிவந்து, அழுத்தினால் வலிக்கும். இரண்டாம் நிலையில் சீழ் பிடிக்கும். மூன்றாம் நிலையில் புண்சதை தடித்து நகத்தின் மேலேயே ஏறிவிடும். 2002இல் பாத மருத்துவர் மொசேனா இரண்டாம் நிலையை மேலும் இரண்டாகப் பிரித்தார்: வீங்கிய சதைமடிப்பு நகத்தைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்குள் நிற்பது ஒன்று, அதைக் கடப்பது மற்றொன்று. அறுவை தேவையா என்று முடிவெடுக்க இந்த அளவு பெரிதும் உதவுகிறது.

முதல் நிலைக்குக் கத்தி வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, நக ஓரத்தின் அடியில் சிறு பஞ்சுத் திரியைச் செருகி, சதையை நகத்திலிருந்து விலக்கிப் பிளாஸ்திரி ஒட்டினால் போதும். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுவதும் மஞ்சள் அரைத்துப் பூசுவதும் குத்தும் முனையை அகற்றா. முற்றிய நிலைகளில் மரப்பு ஊசி போட்டு நகத்தின் ஓரப்பகுதியை மட்டும் நீக்குவர். முழு நகத்தையும் பிடுங்குவது வீண் வேதனை. முளைக்கும்போது பெரும்பாலும் மறுபடியும் குத்தும். 1929இல் மருத்துவர் வினோகிராட் விவரித்த முறையில் நக வேரை ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பர். 1945இல் போல் என்பவர் எழுதிய முறையில் அந்த வேரைப் பீனால் என்ற வேதிப்பொருளால் கருக்குவர். பீனால் முறையே மேலானது: தையல் இல்லை, மீண்டும் வருவதும் குறைவு. நீர்க்கசிவு மட்டும் சில வாரம் இருக்கும்.

நீரிழிவுக்காரர்கள் முதல் நிலையிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணர்வு மரத்த காலை வெந்நீரில் வைக்கவே கூடாது. இவ்விரு மாவட்டத்தாரும் காட்டுவதற்கு, அரியலூரில் 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை உள்ளது.