திருவனந்தபுர வட்டாரத்தில் வந்தேறிச் செடிகளின் பெயர்கள்

வந்தேறிச் செடிகளுக்கு மக்கள் இடும் பெயர்கள், செடியின் இயல்பைக் காட்டிலும் பெயரிட்டோரின் காலத்தையும் கருத்தையுமே புலப்படுத்துகின்றன. திருவனந்தபுர மாவட்ட மலையாள வழக்கு இதற்குச் சான்றாகும்.

அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட குரோமோலீனா ஓடோராட்டா அங்குக் 'கம்யூனிஸ்ட் பச்ச' எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பொதுவுடைமை இயக்கம் பரவிய காலத்திலேயே இச்செடியும் தரிசுகளில் பரவியமை பெயர்க்காரணமாகக் கூறப்படுகின்றது. 1957இல் அவ்வியக்கம் கேரளத்தில் ஆட்சி அமைத்தது. வடஇந்தியாவில் பார்த்தீனியத்திற்கு வழங்கும் 'காங்கிரஸ் புல்' என்பதும் இத்தகையதே. ஆயின் அது புல்லன்று.

1950களில் வேளிக் காயலில் காணப்பெற்ற சால்வீனியா மொலெஸ்டாவின் பெயர் 'ஆப்பிரிக்கன் பாயல்'. பாயல் என்பது தமிழில் பாசி. ஆனால் இத்தாவரம் பாசியன்று, நீரில் மிதக்கும் பெரணி. இதன் தாயகமும் ஆப்பிரிக்கா அன்று, தென்கிழக்குப் பிரேசில். 1972இல் மிச்செல் இதனைத் தனியினமாக விளக்கும்வரை அறிவியலாரும் இதனை வேறோர் இனமாகவே கருதினர்.

'ஆப்பிரிக்கப் பாசி' எனப் பெயர்த்தால் இவ்விரு பிழைகளும் தமிழில் உண்மைபோல் வேரூன்றிவிடும். 'பொதுவுடைமைப் பச்சை' என்பதோ எச்செடியையும் சுட்டாது. எனவே வழக்குப் பெயரை ஒலிபெயர்த்து, அறிவியற் பெயரையும் உடன் தருதலே மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய நெறி எனலாம்.