திருநாள் திரைப்படங்களும் பட்டாசு மண்ணும்

வைப்பாற்றங்கரையில் அமைந்த வெம்பக்கோட்டையின் பெயரை அண்மையில் நாடறியச் செய்தது அகழாய்வாகும். 2022ஆம் ஆண்டு முதல் விஜயகரிசல்குளத்து மேட்டிலிருந்து சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் வெளிக்கொணரப்பட்டன. ஆயின் இவ்வட்டாரத்து மக்கள் தங்கள் ஆண்டைக் கணக்கிடுவது தீபாவளியைக் கொண்டே. வானம் பார்த்த கரிசல் பூமி கைவிட்ட குடும்பங்களுக்குத் தீப்பெட்டியும், 1940களிலிருந்து பட்டாசும் பிழைப்பாயின. தமிழ்நாட்டின் தீபாவளி இரண்டு சரக்குகளை எதிர்பார்த்து நிற்பது: ஒன்று பட்டாசு, மற்றொன்று புதுப்படம். முன்னது இம்மண்ணில் உருவாவது. பின்னது சென்னையிலிருந்து வருவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எப்பொழுதேனும் நோக்கியதுண்டா என்பதே நம் வினா.

திருநாளுக்கும் திரைக்கும் உள்ள உறவு இந்நாட்டில் பழையது; நமக்குச் சற்று நெருக்கமானதுங்கூட. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துய்ப்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப்படத்துடன் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சென்றார். பம்பாயில் பால்கேயின் உள்ளத்தில் கனலை மூட்டியதும் கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய படமே. அவர் அதனைக் கண்டது 1910ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் என்பாரும், அடுத்த ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளையொட்டி என்பாரும் உளர். எவ்வாறாயினும் 1913இல் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்கு வித்திட்டது ஒரு திருநாட்காட்சியே. சிவகாசி வட்டாரத்திற்கோ கூடாரம் புதிதன்று. திரைப்படம் பிறப்பதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே, 1854இல், ராக்லாந்து ஐயரும் அவருடைய தோழர்களும் கூடாரங்களுடன் இப்பகுதியில் ஊர்வலம் வந்தனர். 1858இல் அவர் உயிர் நீத்ததும் சிவகாசியிலேயே.

தீபாவளிப் படங்களுள் தலையாயது எதுவெனக் கேட்பின் முதியோர் தயங்காது கூறுவது ‘ஹரிதாஸ்.’ 1944ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் தீபாவளியன்று வெளிவந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் கதையில் தீபாவளிக்கு யாதொரு இடமுமில்லை. தாய் தந்தையரை அவமதித்த ஒருவன் மனந்திரும்பி அவர்களுக்குப் பணிசெய்யும் கதை அது. போர்க்காலம், படச்சுருளுக்கும் கட்டுப்பாடு இருந்த நாட்கள். படம் வெளிவந்து சில வாரங்களிலேயே அதன் நாயகர் தியாகராஜ பாகவதர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். திரையில் அவர் பாடி மனந்திரும்பிக் கொண்டிருந்தார், மக்கள் மீண்டும் மீண்டும் சென்று கண்டனர், அவரோ சிறையிலிருந்தார். 1947இல் விடுதலை பெற்றும் பழைய புகழை அவர் மீட்கவில்லை. மனந்திரும்புதலைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம் இப்படத்தின் வரலாற்றை மேலோட்டமாகக் கடந்துவிடலாகாது என்பது என் எண்ணம்.

இங்கே ஒன்று புலனாகிறது. மேனாட்டில் கிறிஸ்துமஸ் படமெனில் கதையே அத்திருநாளைச் சுற்றியது. 1946இல் அமெரிக்காவில் வெளிவந்து செலவைக்கூட மீட்க இயலாது போன ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’, 1974இல் உரிமம் காலாவதியானபின் தொலைக்காட்சிகள் ஆண்டுதோறும் ஒளிபரப்பியதாலேயே வீட்டுத் திருநாள் வழக்கமாயிற்று. நம்மிடமோ வெளியாகும் தேதியே ஒரு படத்தைத் தீபாவளிப் படமாக்குகிறது. கோயிலுக்குள்ளேயே சமயப் போலியைக் கேள்விக்குட்படுத்திய ‘பராசக்தி’ வெளிவந்ததும் 1952ஆம் ஆண்டுத் தீபாவளியன்று! மாறாக, ‘தீபாவளி’ என்றே பெயரிடப்பட்ட படம் 2007 பிப்ரவரியில் வந்தது. 2005ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த படத்தின் பெயரோ ‘சிவகாசி.’ ஊரைப் பற்றிய கதையென நம்பிச் சென்றோர் ஏமாந்திருப்பர்; அது நாயகனின் பெயர், அவ்வளவே.

அவ்வூரின் கதையைச் சொன்ன படம் ஒன்று உண்டு. அது எத்தீபாவளிக்கும் சுவரொட்டி கண்டதில்லை. பெங்களூரைச் சார்ந்த சலம் பென்னூர்கர் 1990இல் தமிழில் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படமே அது. ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மிகுந்த இப்படம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழன்ற சிறுவர் சிறுமியரைப் பற்றியது. ‘குட்டி ஜப்பான்’ என்பது சிவகாசியின் சுறுசுறுப்பைப் புகழ்ந்து வழங்கிவந்த பெயர். நேருவே அவ்வாறு அழைத்தார் என்பது ஊர் வழக்கு. அப்புகழ்ப்பெயருடன் ‘குழந்தைகள்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததிலேயே இயக்குநரின் நோக்கு விளங்கிவிடுகிறது. விடியுமுன் ஆலை வண்டிகள் கிராமங்களுக்கு வந்து உறக்கம் தெளியாத பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலம் அது. சிவகாசிக் குழந்தைகளின் பொருட்டு எழுந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்து, ஆபத்தான தொழிலில் பிள்ளையை அமர்த்தும் முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்தவேண்டுமென விதித்தது.

அப்படத்தில் கண்ட நிலை பெரிதும் மாறியுள்ளது, மறுப்பதற்கில்லை. ஆயினும் மருந்து செலுத்தும் அறையில் உராய்வுக்கு அஞ்சி இருப்போர் இன்றும் உளர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். உதவ ஓடிவந்த அயலூராரும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் இருபதுக்கு மேற்பட்டோர். தீபாவளிக்கு இன்னும் எட்டு மாதங்களுக்கு மேல் இருந்த வேளை அது. வெடிக்கும் நாள் ஒன்றாயினும் செய்யும் நாட்கள் பல என்பதைத் திருநாள் கொண்டாடுவோர் அறிவதில்லை.

விருதுநகர் மண்ணின் வெயிலையும் திரையரங்கையும் ஒருங்கே காட்டியவர் வசந்தபாலன். அவருடைய ‘வெயில்’ (2006), படம் பார்க்கும் வேட்கையால் வீட்டை இழந்த ஒருவனின் கதை. அதுவும் தீபாவளிக்கு வரவில்லை, டிசம்பரில் வந்தது.

நம் சபைகள் பல, கிறிஸ்துமஸ் காலத்தில் ஆலய வளாகத்தில் வெண்திரை கட்டிப் படம் காட்டும் வழக்கமுடையன. 1978இல் தெலுங்கில் எடுக்கப்பட்ட ‘கருணாமயுடு’ போன்றவை அவ்வாறே சிற்றூர்களை எட்டின. தீபாவளிக்கு முந்திய ஞாயிறொன்றில் அதே திரையில் பென்னூர்கரின் படத்தைக் காட்டி, பட்டாசுத் தொழிலில் இருக்கும் சபையாரையே அதைப்பற்றிப் பேசச் செய்தால் என்ன? அவர்கள் முதலாளியின் முன்னிலையில் பேசத் துணியார் என்று மூத்த ஆயர் ஒருவர் என்னிடம் கூறினார். அவர் கூற்றில் நியாயமில்லாமலில்லை. வேலை போய்விடுமோ என்னும் அச்சம், இவ்வட்டாரத்தில் வெடியச்சத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.