லக்சபானவின் ஒளியும் லயன்களின் இருளும்

இலங்கையின் நீர்மின் வளம்பற்றிப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை நிகழ்த்தினார். அவர் கனவுகண்ட லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இலாகும். இத்தாமதத்திற்குக் குடியேற்ற ஆட்சியே பெரிதும் பொறுப்பு என்பர், மறுப்பதற்கில்லை.

ஆயின் நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. கெகெல்கமு ஓயாவின் நீர் தந்த மின்சாரம் கம்பிவழியே கொழும்பைச் சென்றடைந்தது. மலைச்சரிவுகளிற் கொழுந்து பறித்தோரின் லயன் அறைகள் பெரும்பாலானவற்றில் அதன் பின்னரும் பல தசாப்தங்களாக மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. காரணம் தொழினுட்பமன்று. லயன் தோட்டத்தின் உடைமை. அதில் வாழ்ந்தோர் வீட்டுக்கு உரியோரல்லர். அவர்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று.

மின்சாரம் பொதுச்சேவை எனப்படுகிறது. அப்‘பொது’வினுள் உழைப்பாளர் எப்போது அடங்கினர் என்பதே அதன் வரலாற்றை அளக்கும் கோலாகும்.