சீம்பாலும் தீப்பெட்டி ஆபீசும்

மாடு கன்னு போட்டதும் முதல் சீம்பாலைக் கன்னுக்குட்டி குடிக்கணும், இல்லாட்டி அது தேறாதுன்னு கரிசல்காட்டுச் சம்சாரி எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே வீட்டுல பிள்ளை பிறந்தா, மஞ்சளா வர்ற முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்ட காலம் ஒண்ணு உண்டு. சேனைத் தண்ணி, சீனித் தண்ணி, சில வீடுகள்ல கழுதைப் பால் எல்லாம் கொடுத்துட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் தாய்ப்பால். இது அறியாமைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா பிள்ளைக்குப் பால் கிடைக்காததுக்கு அது மட்டுமே காரணம் இல்லை. வேலையும் ஒரு காரணம்.

மானாவாரி நிலத்துல மழை பெஞ்சதும் விதைக்கணும், களையெடுக்கணும். பச்சை உடம்புக்காரின்னு மழை காத்திருக்காது. சொந்தக் காடுன்னா வேப்பமரத்துல தொட்டில் கட்டி, அழுதா வந்து அமர்த்தலாம். கூலிக்குப் போறவளுக்கு அந்த வசதி கிடையாது. பிள்ளை பாட்டிகிட்ட வீட்டுல கிடக்கும்.

1923-க்கு அப்புறம் சிவகாசியில் தொடங்கின தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டின்னு பரவுச்சு. நம்ம பொம்பளைங்க 'தீப்பெட்டி ஆபீஸ்' போக ஆரம்பிச்சாங்க. கட்டை அடுக்குற கணக்குக்குத்தான் கூலி. எந்திரிச்சுப் போய்ப் பால் கொடுத்தா அன்னைக்குக் கூலி குறையும். 1961-ல் வந்த மகப்பேறு பயன் சட்டம், பிள்ளைக்கு 15 மாசம் ஆகும் வரை தினமும் ரெண்டு தடவை பாலூட்ட இடைவேளை தரணும்னு சொல்லுச்சு. ஆனா அது காட்டுவேலை செய்றவளுக்கும், வீட்டுல உட்கார்ந்து பெட்டி ஒட்டுறவளுக்கும் எட்டவே இல்லை.

1980-ல் உலக வங்கிக் கடனோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரைப் பக்கம் தொடங்குச்சு. அந்தந்த ஊர்ப் பொம்பளையே பணியாளரா இருந்து, மாசாமாசம் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து, தாய்மார்கிட்ட பேசினாங்க. வெளியூர் டாக்டர் சொல்றதைவிடப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னா எடுபடும்ல. பால் பவுடர் டின் ஆசையும் அப்போதான் கிராமத்துக்குள்ள வந்துக்கிட்டிருந்தது. 1981-ல் உலக சுகாதார அமைப்பு அந்த விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1992-ல் இந்தியாவிலயும் சட்டம் வந்து, விளம்பரமும் இலவச மாதிரியும் தடையாச்சு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-ல் தொடங்கி, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, பிறகு 18,000 ரூபாய்னு உயர்ந்தது. 2015 ஆகஸ்டில் பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டும் அறை திறந்தாங்க. 2021-ல் அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாசம் ஆச்சு. களை வெட்டுறவளுக்கு மட்டும் இன்னும் லீவு இல்லை.

ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கன்னு நர்சம்மா சொல்றது சரிதான். அதுக்குத் தாயும் பிள்ளையும் ஒரே இடத்துல இருக்கணுமே! நூறு நாள் வேலை 2005-ல் சட்டமானப்பவே அதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க: வேலை நடக்கிற இடத்துல ஆறு வயசுக்குக் கீழே அஞ்சு பிள்ளைங்க இருந்தா, பார்த்துக்க ஒரு பொம்பளையை வைக்கணும், அவளுக்கும் கூலி உண்டு. கைப்பிள்ளைக்காரி வேலைக்கு வர்ற இடத்துலெல்லாம் முதல்ல கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்: ஒரு நிழல், ஒரு தொட்டில், பார்த்துக்க ஒரு ஆள்.