நகரமன்றமும் ஊர் நலமும்: கசார்வாடி வட்டாரத்தின் வரலாறு

கசார்வாடியில் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதும், குழாயில் வரும் தண்ணீரைச் சோதிப்பதும், பிறப்பையும் இறப்பையும் பதிவதும், சாக்கடைநீரைச் சுத்திகரித்துப் பவனா ஆற்றில் விடுவதும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் வேலை. பழைய புனே-மும்பை நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒட்டிச் செல்லும் இடத்தில், தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் நடுவே அமைந்த பகுதி இது. இந்த வேலைகளைச் செய்பவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுந்துகொண்டே இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கேள்வி கேட்ட காலம் உண்டு. அந்த மன்றத்தை ஓரங்கட்டிவிட்டு அதிகாரிகளே எல்லாவற்றையும் நடத்திய காலமும் உண்டு.

பூனா (இன்றைய புனே) நகராட்சி 1850களின் பிற்பகுதியில் உருவானது. தொடக்கத்தில் அது அரசு அதிகாரிகளின் கைக்குள்ளேயே இருந்தது. உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் பெருக வேண்டும் என்று 1882ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்துக்குப் பிறகே ஊர்க்காரர்களின் குரல் அங்கே கேட்கத் தொடங்கியது. 1895ல் பாலகங்காதர திலகர் அதன் உறுப்பினரானார். அந்தக் குரல் வலுப்பெறுமுன் பிளேக் வந்துவிட்டது.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் கண்டறியப்பட்ட நோய் சில மாதங்களில் பூனாவை எட்டியது. 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. மிகச் சுருக்கமான சட்டம் அது. நோயைத் தடுக்க எந்த விதியையும் பிறப்பிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கருதப்படும் செயலுக்காக எந்த அதிகாரி மீதும் வழக்குத் தொடர முடியாது என்றது. நோயாளிக்கு என்ன உரிமை என்பது பற்றியோ, நகராட்சியைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை.

பூனாவில் பிளேக் தடுப்பு வேலை நகராட்சியின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, வால்டர் சார்ல்ஸ் ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் தலைமையில் அமைந்த தனிக் குழுவிடம் போனது. மார்ச் 13 முதல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டார்கள். சமையலறைக்குள்ளும் பூசையறைக்குள்ளும் பூட்ஸ் காலோடு போனார்கள், பெண்களை வெளியே இழுத்துவந்து சோதித்தார்கள், துணிமணிகளைக் கொளுத்தினார்கள், நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நோயைப் பரவவிடாமல் தடுக்கும் நோக்கம் அந்தக் குழுவுக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் முறையிட ஊராருக்கு ஓர் இடம் இல்லாமல் போனது. பத்திரிகைகள் எழுதின, மனுக்கள் போயின; பலன் எதுவும் கிட்டவில்லை. ஜூன் 22 இரவு கணேஷ்கிண்ட் சாலையில் ராண்டும் அயர்ஸ்ட் என்ற இராணுவ அதிகாரியும் சுடப்பட்டார்கள். சுட்ட சாபேக்கர் சகோதரர்கள், கசார்வாடிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிஞ்ச்வட்டைச் சேர்ந்தவர்கள். தாமோதர் சாபேக்கர் 1898 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். பத்திரிகை எழுத்துக்காகத் தொடுக்கப்பட்ட ராஜத்துரோக வழக்கில் திலகர் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

அதே நோய்க்கு அதே நகரில் வேறொரு விதமான பராமரிப்பும் நடந்தது. சாவித்ரிபாய் புலேயும் மருத்துவரான அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம் பிளேக் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவ இல்லம் நடத்தினார்கள். முண்ட்வாவில் நோயுற்ற ஒரு சிறுவனைத் தானே சுமந்துவந்து சேர்த்த சாவித்ரிபாய், நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். சிப்பாய்களின் வீட்டுச் சோதனை அதற்கு மூன்று நாள் கழித்துத் தொடங்கியது. நோயாளியின் சாதி பார்க்காமல், அவர் வீட்டாரை மிரட்டாமல் பராமரிப்பு தர முடியும் என்பதை அந்த இல்லம் காட்டியிருந்தது. அரசின் திட்டத்தில் அந்த அனுபவத்துக்கு இடமில்லை.

பிளேக் அடங்கிய பிறகு பூனாவில் உள்ளாட்சி மெல்ல மீண்டு எழுந்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபால கிருஷ்ண கோகலே நகராட்சித் தலைவராக இருந்து கணக்கையும் நடைமுறையையும் ஒழுங்குபடுத்தினார். 1909ல் ரமாபாய் ரானடே பூனாவில் தொடங்கிய சேவா சதன், விதவைகளுக்குச் செவிலியர் பயிற்சி தந்து அவர்களைச் சம்பாதிக்கும் பெண்களாக்கியது. 1912ல் ராஸ்தா பேட்டையில் சிறிய பிரசவ மருத்துவமனையாகப் பிறந்தது கே.ஈ.எம். அது இன்று நிற்கும் தெருவுக்குச் சர்தார் முதலியார் சாலை என்று பெயர். அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் தடம் அது.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் உள்ளாட்சியையும் பொதுச் சுகாதாரத்தையும் மாகாண அமைச்சர்களின் பொறுப்பாக்கின. இதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்ட மாகாணங்களில் சென்னையும் ஒன்று. 1939ல் அது நிறைவேற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், அரசு மானியம் நீங்கலான தம் வருமானத்தில் குறைந்தது 30 சதவீதத்தை நகராட்சிகள் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. மன்றத்துக்கு அதிகாரம் தருவதோடு நிற்காமல், அதன் பணப்பையையும் கடமையோடு கட்டிவைத்த ஏற்பாடு அது. பம்பாய் மாகாணம் வேறு வழியில் போனது. 1949ஆம் ஆண்டின் மாகாண மாநகராட்சிச் சட்டம் கடமைகளை இரு வகையாகப் பிரித்தது. மருத்துவமனை, மருந்தகம், தடுப்பூசி, தொற்றுநோய்த் தடுப்பு, துப்புரவு ஆகியவை கட்டாயக் கடமைகள். மகப்பேறு இல்லம், கைக்குழந்தை நலம், கர்ப்பிணிகளுக்குப் பால் போன்றவை மன்றம் விரும்பினால் செய்யலாம். சமூகப் பராமரிப்பு என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் பட்டியலில்தான் இருந்தது. ஆகவே அந்தந்த மன்றத்தின் அக்கறையே அதன் அளவுகோலாயிற்று.

இந்தச் சட்டத்தின் கீழ் 1950 பிப்ரவரியில் புனே மாநகராட்சி ஆனது. கசார்வாடிப் பக்கம் அப்போது அதன் எல்லைக்கு வெளியே, வயலும் சிற்றூர்களுமாக இருந்தது. நிலைமையை மாற்றியது தொழில். பிம்ப்ரியில் பிரிவினை அகதிகள் குடியமர்ந்திருந்தார்கள். 1954ல் அங்கே இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. பொதுத்துறைப் பென்சிலின் அங்கே தயாரானது. பிறகு டெல்கோ, பஜாஜ் ஆட்டோ, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான பட்டறைகள். வேலை தேடி வந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு மருத்துவம் இருந்தது. ஒப்பந்தக் கூலிக்கும், பட்டறைப் பையனுக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் அது இல்லை. கிராமப் பஞ்சாயத்தோ, 1962 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்திய ஜில்லா பரிஷத்தோ இந்தத் தொழில் நகரத்தின் தேவைக்கு ஈடுகொடுக்கக் கூடியவை அல்ல.

1970 மார்ச்சில் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி ஆகிய ஊர்களை இணைத்து நகராட்சி அமைந்தது. 1982 அக்டோபரில் அது மாநகராட்சியாக உயர்ந்தது. 1997ல் மேலும் 18 கிராமங்கள் சேர்ந்தன. தொழிற்சாலைகள் செலுத்திய ஆக்ட்ராய் என்ற சரக்கு நுழைவு வரி இந்த மன்றத்தைப் பணக்கார மன்றமாக்கியது. அந்தப் பணத்தின் பெருமைக்குரிய பயன் 1989ல் சந்த் துகாராம் நகரில் தொடங்கிய யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை. எல்லோரும் ஒய்.சி.எம். என்று சொல்லும் இந்த மருத்துவமனை சுமார் 750 படுக்கைகளுக்கு வளர்ந்தது. மாவல், கேட் வட்டங்களின் ஏழைகளும் நம்பி வரும் இடமானது. மாநில அரசு கட்ட வேண்டிய அளவு மருத்துவமனையை ஓர் உள்ளாட்சி மன்றம் கட்டியது சாதாரணச் செயல் அல்ல.

இத்தகைய மருத்துவமனையை மன்றம் எப்படிக் கண்காணித்தது? மாநகராட்சி ஆணையரை நியமிப்பது மாநில அரசு. நிர்வாக அதிகாரம் அவர் கையில். ஆனால் வரவுசெலவுத் திட்டமும் பெரிய ஒப்பந்தங்களும் 16 உறுப்பினர் கொண்ட நிலைக்குழுவின் ஒப்புதலைக் கடந்தாக வேண்டும். மருந்து கொள்முதல், ஆம்புலன்ஸ், துப்புரவு ஒப்பந்தம் எல்லாம் அங்கே கேள்விக்கு உள்ளாகும். மாமன்றத்தின் எட்டில் ஐந்து பங்கு உறுப்பினர்கள் வாக்களித்தால் ஆணையரையே திருப்பியனுப்பலாம். மகளிர், குழந்தைகள் நலக் குழு தனியாக உண்டு. 1993ல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைக் கொண்டுவந்தது. அதன் 12ஆம் அட்டவணை பொதுச் சுகாதாரத்தோடு, மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்தோரின் நலனையும் நகர உள்ளாட்சியின் பணிகளில் சேர்த்தது. நிலைக்குழு விவாதங்கள் எப்போதும் தூய நோக்கோடு நடந்தன என்று எந்த நகரமும் சொல்லிக்கொள்ள முடியாது. ஒப்பந்தக்காரரின் நிழல் அங்கே விழுவதுண்டு. ஆயினும் மருத்துவமனையில் மருந்து இல்லை என்று ஒரு தாய் சொன்னால், அதை எடுத்துப் பேச ஓர் உறுப்பினர் இருந்தார்; அடுத்த தேர்தலில் அவருக்கு அந்தத் தாயின் வாக்கு தேவைப்பட்டது.

கிராமப்புறத்தில் இதைவிடத் துணிச்சலான ஒரு முயற்சி புனே மாவட்டத்திலேயே நடந்தது. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் கீழ் 2007ல் மகாராஷ்டிரத்தின் ஐந்து மாவட்டங்களில் மக்கள் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. புனே அவற்றில் ஒன்று. புனேயின் சாத்தி அமைப்பு அதற்கு மாநில அளவில் ஒருங்கிணைப்பாளர். கிராமக் குழுக்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருந்து இருப்பு, செவிலியர் வருகை, நோயாளிகளிடம் பணம் கேட்கப்படுகிறதா என்று பார்த்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் மதிப்பீட்டு அட்டை தயாரித்தன. பிறகு ஜன் சுன்வாயி என்ற பொது விசாரணையில், மருத்துவ அதிகாரிகள் மேடையில் அமர்ந்திருக்க, ஊர்ப்பெண்கள் எழுந்து நடந்ததைச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த நிற அட்டையைப் புரிந்துகொண்டார் என்பது இதன் தனிச்சிறப்பு. நகரத்துக்கு இந்த முறை அதே வலுவோடு வரவில்லை. 2013ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம் குடிசைப் பகுதிகளில் மகளிர் ஆரோக்கியக் குழுக்களையும் ஆஷா பணியாளர்களையும் அமைத்தது. அக்குழுக்களின் பணி விழிப்புணர்வோடும் சேவைகளைச் சென்றடையச் செய்வதோடும் பெரிதும் நின்றது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது 1897ஆம் ஆண்டின் அதே சட்டத்தை மகாராஷ்டிர அரசு மீண்டும் கையில் எடுத்தது. முதலில் கட்டுப்பாடுகள் வந்த நகரங்களில் புனேயும் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டும் அடங்கும். ஒய்.சி.எம். கொரோனா மருத்துவமனையானது, நேரு நகர் விளையாட்டரங்கில் தற்காலிகப் பெரு மருத்துவமனை எழுந்தது. இம்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உயிரோடு இருந்தது. படுக்கை கிடைக்காத குடும்பம் வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டியது. கொள்முதல் பற்றி மன்றத்தில் காரசாரமான விவாதம் நடந்தது.

அந்த மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு, வார்டு வரையறை வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போனது. ஆணையரே நிர்வாகியாகி, மாமன்றம், நிலைக்குழு இரண்டின் அதிகாரத்தையும் ஏற்றார். செலவை முன்மொழிபவரும் அதற்கு ஒப்புதல் தருபவரும் ஒருவரே ஆனார். தமிழக வாசகருக்கு இது புதிதல்ல; 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டிலும் நகர உள்ளாட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2023 அக்டோபரில் மாநகராட்சியின் கசார்வாடி நீச்சல் குளத்தில் குளோரின் வாயு கசிந்து, நீந்த வந்தவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2025 ஜனவரியில் புனேயில் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் பலரைத் தாக்கியது. அதிகம் பாதிக்கப்பட்டவை சிங்ககட் சாலைப் பக்கம், அதேபோல் மன்றமின்றி இருந்த புனே மாநகராட்சியில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஊர்கள். அங்கே குடிநீரின் தூய்மைதான் கேள்விக்குள்ளானது. மன்றம் இருந்திருந்தால் இவை நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊர்களின் சார்பில் மன்றத்தில் எழுந்து நின்று கேட்க அப்போது யாரும் இருக்கவில்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்த ஆணையிட்டது. 2026 ஜனவரி 15 அன்று மகாராஷ்டிரத்தின் 29 மாநகராட்சிகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் 128 இடங்களும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரம்பின. நிலைக்குழு, மகளிர் குழந்தைகள் நலக் குழு, வார்டு குழுக்கள் ஆகியவற்றை அமைப்பதும், நிர்வாகியின் காலத்து மருத்துவச் செலவுகளைத் தணிக்கை அறிக்கைகளோடு வைத்துப் பார்ப்பதும் புதிய மன்றத்தின் வேலையாயிற்று.