சிம் லிம்மும் கள்ள நகல்களும்

சிங்கப்பூரில் கணினி விளையாட்டுகளுக்கு உறுதியான சட்டப் பாதுகாப்பு 1987 ஏப்ரல் 10 அன்றுதான் கிடைத்தது. அதுவரை நடப்பில் இருந்தது பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். கணினியே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. இங்கு தயாரான கள்ளப் பாட்டுக் கேசட்டுகள் 80களின் தொடக்கத்தில் கப்பலேறிக்கொண்டிருந்தன. ஏற்றுமதிக்குக் கிடைத்த வரிச்சலுகை பறிபோகும் என்று அமெரிக்கா நெருக்கியதால்தான் புதிய சட்டம் வந்தது. உள்ளூர் விளையாட்டுப் படைப்பாளிகள் யாரும் கேட்டு வாங்கிய சட்டமல்ல அது.

தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேர் திறக்கப்பட்டதும் அதே 1987இல்தான். நகலெடுப்பதைத் தடுக்க அந்தக் காலத்து விளையாட்டு நிறுவனங்கள் பிளாப்பி வட்டில் வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்தன. நகலில் அந்தப் பழுது வராது, விளையாட்டும் ஓடாது. இன்னொரு வழி, கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியின் சொல் என்ன என்று திரையில் கேட்பது. சிம் லிம்மின் நகல் வியாபாரிகள் இதற்கெல்லாம் அசரவில்லை. பழுதைச் சோதிக்கும் வரிகளை நிரலிலிருந்து நீக்கினார்கள். கையேட்டை ஜெராக்ஸ் எடுத்து வட்டோடு சேர்த்து விற்றார்கள். விற்று அகப்பட்டவருக்கு நகல் ஒன்றுக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம் என்றது சட்டம். 90களில் சிடி வந்தது, சோதனைகளும் பெருகின. வாங்குபவர்கள் பாலம் தாண்டி ஜொகூர் பாருவுக்குப் போனார்கள்.

உள்ளூர் நிறுவனங்கள் இரண்டு மோதிக்கொண்ட வழக்கும் உண்டு. கணினி விளையாட்டுகளுக்கு இசையும் குரலும் தந்த 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையை 1989இல் வெளியிட்டது கிரியேட்டிவ் டெக்னாலஜி. அதற்கு இணக்கமான அட்டை செய்த அஸ்டெக், கிரியேட்டிவின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தது ஆய்வுக்காகவே என்று வாதிட்டது. வணிக நோக்குள்ள ஆய்வுக்கு விலக்கு இல்லை என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரியேட்டிவ் பக்கம் தீர்ப்பளித்தது. பிற்பாடு சட்டம் இந்த விஷயத்தில் தளர்த்தப்பட்டது. தீர்ப்பு சற்றுக் கடுமைதான்.

அமெரிக்காவுடன் 2003இல் கையெழுத்தான தடையற்ற வர்த்தக உடன்பாடு சட்டத்தை மறுபடி இறுக்கியது. 2005 முதல், விற்காமலே வேண்டுமென்று பெருமளவில் நகலெடுப்பதும் குற்றம். டிஜிட்டல் பூட்டை உடைக்கும் கருவிகளை விற்பதும் தடை.

சிறு குழுக்கள் தங்கள் சொந்த விளையாட்டுகளோடு தலையெடுத்தது இதற்கெல்லாம் பிறகுதான். ஜென்டில்பிரோஸ் குழுவின் 'கேட் குவெஸ்ட்' 2017இல் வெளிவந்தபோது வட்டுக் கடைகளின் காலம் மலையேறியிருந்தது. ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் விற்பனை நடந்தது. கள்ள நகல் மட்டும் ஒழியவில்லை. 2013இல் 'கேம் டெவ் டைகூன்' செய்தவர்கள் அதன் கள்ளப் பிரதியைத் தாங்களே இணையத்தில் விட்டுப் பார்த்தார்கள். முதல் நாளில் விளையாடியவர்களில் 93.6 விழுக்காட்டினர் அதைத்தான் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரின் இப்போதைய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் வழக்காட வசதியில்லாத சிறு குழுக்களுக்கு அதைவிடக் கைகொடுப்பவை எட்டும் விலையும், காசு கொடுத்து வாங்கியவருக்குத் தாமாக வந்துசேரும் மேம்பாடுகளும்தான்.