யாழ் வழக்கொழிந்த வரலாறும் மீட்சி முயற்சியும்

தமிழர்தம் இசைக்கருவிகளுள் தலைமை வாய்ந்தது யாழ் என்பதை நாம் அனைவரும் அறிவோம். நம் பெண் மக்களுக்கு யாழினி எனப் பெயரிட்டு மகிழ்கிறோம். ஈழத்தின் வடபால் உள்ள நகரம் யாழ்ப்பாணம் என்றே வழங்குகிறது. ஆயினும் யாழின் ஒலியைச் செவியாரக் கேட்டவர் நம்முள் எத்துணைப் பேர் என வினவினால் விடை கூறுதல் அரிது. பதிவேட்டில் பெயர் இருக்க ஆளைக் காணாதது போன்ற நிலை இது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, மறைந்ததை மீட்க அறிஞர் ஆற்றிய பணி யாது, அதில் நமக்குரிய பங்கு யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாக யாழை எண்ணுகிறது. திருவள்ளுவர் 279ஆம் குறளில், நேரான அம்பு கொடுமை செய்வதையும் வளைந்த யாழ் இன்பம் தருவதையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். யாழின் கோடு வில்போல் வளைந்திருந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும். பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விளக்குகிறது. அதன் பத்தர் மான்குளம்பு பதிந்த சுவடு போல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருந்தது. கோடு படமெடுத்த பாம்பெனத் தலை நிமிர்ந்தது. நரம்புகளை இறுக்கும் திவவுகள் மங்கையின் முன்கை வளையல்களை ஒத்தன. கருவியை அருகிருந்து கண்டவரன்றி இத்தகைய உவமைகளைப் பிறர் கூறுதல் இயலாது.

நாம் வாழும் குடிபாலாவுக்கும் இவ்வரலாற்றில் உறவு உண்டு. சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர் பழைய தொண்டை மண்டலத்தைச் சார்ந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை, வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூரே விளங்கியது. தமிழகத்தின் வட எல்லையெனத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் வேங்கடம் நம் மாவட்டத்தை அடுத்தே உள்ளது. தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூலே பெரும்பாணாற்றுப்படை. பேரியாழ் ஏந்திய பாணனைக் காஞ்சிக்கு வழிப்படுத்துவது அந்நூல். ஆந்திர மண்ணிலும் யாழுக்குச் சான்றுகள் உள. அமராவதியின் பௌத்தச் சிற்பங்களில் வில் வடிவ யாழை மீட்டுவோரை இன்றும் காணலாம். எனவே தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லைப் புறத்தில் யாழைப் பற்றிப் பேசுவது முற்றும் பொருத்தமேயாம்.

இத்துணைச் சிறப்புற்ற கருவி மறைந்தது ஏன்? யாழில் ஒரு நரம்பு ஒரு சுரத்தையே தரும். பண் மாறுந்தோறும் நரம்புகளைத் திருத்திச் சுருதி கூட்டுதல் வேண்டும். தண்டில் மெட்டுகள் அமைந்த வீணையிலோ ஒரே தந்தியில் பல சுரங்களையும் கமகங்களையும் எழுப்ப இயலும். இசை கமகத்தை நாடி வளர்ந்தபோது வீணை முன்னேற, யாழ் பின்னடைந்தது. ஆயின் கருவியின் குறைபாடு ஒன்றையே காரணமாகக் கூறுதல் முறையன்று. யாழைத் தோளில் சுமந்து ஊர்தோறும் சென்ற பாணர் குலத்தார் புரவலரை இழந்தனர். சமுதாயத்தில் அவர்தம் நிலையும் தாழ்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தருடன் தலந்தோறும் சென்று யாழ் மீட்டினார். பிற்காலத்தில் தேவாரத் திருப்பதிகங்கள் தொகுக்கப்பட்டபோது அவற்றின் பண்களை அறிந்தார் எவருமிலர் என்றும், அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியே பண் வகுத்து உதவினார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏட்டிலிருந்து சொற்களைப் பெற முடிந்தது; இசையைப் பெற ஒரு குடும்பத்தின் நினைவே துணையாயிற்று என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பின்னர்ப் பல நூற்றாண்டுகள் யாழ் பெயரளவில் நின்றது. டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்த பின்னரே அதன் வரலாற்றை ஆராய வழி பிறந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுப் பழந்தமிழ் இசையாராய்ச்சிக்கு அடிகோலினார். ஈழத்துக் காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றவர். பழம் பாடல்களின் குறிப்புகளைக் கணக்கியல் முறையால் ஆராய்ந்து யாழ் நூலை இயற்றினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன் 1947ஆம் ஆண்டு சூன் திங்கள் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த திங்களே, சூலை 19ஆம் நாள், அடிகள் மறைந்தார். நூல் நம்மிடம் நின்றது. அதனைக் கைவழிப் பயிற்சியாக்கி மாணாக்கர்க்கு அளிக்க அவர்தம் வாழ்நாள் போதவில்லை. யாழ் கச்சேரி மேடையில் இடம்பெறவும் இல்லை.

இவ்விடத்துத் துருக்கி நாட்டின் அனுபவம் நமக்கு நல்ல பாடமாகும். செங் என்னும் யாழ் அங்கு உதுமானியர் அவைகளில் பெருமையுடன் விளங்கியது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகமதி தாயி என்னும் புலவர் இக்கருவியைப் பற்றியே செங்நாமே என்னும் காவியம் இயற்றினார். பட்டு நரம்பு, மரம், மான்தோல், குதிரைமயிர் ஆகிய நான்கும் தத்தம் கதையைக் கூறுவதாக அமைந்த நூல் அது. பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின் செங் வழக்கொழிந்தது. 1995இல் இசைக்கலைஞர் ஃபிக்ரத் கரகாயா அக்காவியத்தையும் பழைய ஓவியங்களையும் துணைக்கொண்டு கருவியை மீண்டும் உருவாக்கினார். ஷிரின் பஞ்சரோலு என்னும் யாழிசை அம்மையார் ஐரோப்பிய யாழில் தேர்ந்தவர். செங்கையும் பயின்று மேடையேற்றினார். யாழிசைக் கலைக்கெனச் சங்கம் ஒன்று நிறுவப்படவும் துணைநின்றார். புலவர் நூலும் ஓவியமும் வடிவத்தைக் காத்தன. உயிர் கொடுத்தோர் தச்சுவேலை செய்த கையினரும் நாள்தோறும் மீட்டிய விரலினருமே.

நம்மிடையேயும் அத்தகைய முயற்சி அரும்பியுள்ளது. அண்மை ஆண்டுகளில் தருண் சேகர் என்னும் இளைஞர், உரு என்னும் தம் கருவிப் பட்டறையில் இலக்கியக் குறிப்புகளைக் கொண்டு யாழைச் செய்து, அதன் ஒலியைப் பாடலிலும் சேர்த்து வழங்கியுள்ளார். பர்மாவில் சௌங் என்னும் வில்யாழ் இன்றும் உயிருடன் திகழ்கிறது. ஆகவே இவ்வகைக் கருவி இக்காலத்துக்கு ஒவ்வாதது எனக் கைவிடுவதற்கு இடமில்லை.

அலுவலின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்கட்கு இவ்வரலாறு பழங்கதையன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். அவை அவர்தம் வாழ்வுக்கு இன்றியமையாதவை. தமிழோ வீட்டுப் பேச்சில் மட்டும் நிற்கிறது. ஒரு தலைமுறை அதனை எழுதாமலும் பாடாமலும் விட்டால், யாழ் போலத் தமிழும் நம் இல்லங்களில் பெயரளவில் தங்கிவிடும். அந்த யாழ்ப்பாணர் மரபுப் பெண்ணைப் போல் நினைவில் வைத்திருந்து கூற அன்று ஒருவரும் இருக்கமாட்டார்.

செய்யத்தக்கது எளியதே. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழ மரக் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, தானே செய்த வில்யாழில் குறிஞ்சிப் பண் இசைக்கிறான். அவனுக்குப் புரவலரும் இல்லை, பொருட்செலவும் இல்லை. நம் சங்கத்தின் அடுத்த ஆண்டுவிழாவுக்கு முன், சிறுவர் சிறுமியர் மூங்கில் வில்லும் கயிறும் கொண்டு அத்தகைய யாழ் ஒன்றைத் தம் கையால் செய்யட்டும்; அதனைப் பாடிய தமிழை அவர்களே படித்துப் பொருள் கூறட்டும். யாழ் பயின்ற கலைஞர் ஒருவரை விழாவுக்கு அழைக்கும் பொறுப்பைப் பெரியோராகிய நாம் ஏற்போம். நம் யாழினிகள் தம் பெயரின் ஒலியை ஒருமுறையேனும் கேட்டு வளர்தல் வேண்டும்.